மூன்று கூடையும் முன்பல்லும்

காலை பத்தரை மணிக்கு அன்ஜும் மேடம் இரண்டாவது தடவையாகப் பல் துலக்குகிறார். வீட்டில் அல்ல. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் தன் அலுவலகத்தில், யாரோ வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன பசையைக் கொண்டு. துப்புவார், நாக்கால் பற்களை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார், ஆணியில் தொங்கும் நோட்டில் இரண்டு வரி எழுதுவார். அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திருப்பி, மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று படிப்பார்.

சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு லைசென்ஸ் விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பது அவர் தொழில். சோப்பு, தைலம், தலைக்கு எண்ணெய் எல்லாம் வரும். ஆனால் வாய்க்குள் போகிற சாமான் என்றால் சேலத்திலிருந்துகூட இவரைத் தேடி வருகிறார்கள். மேசையில் மூன்று பிளாஸ்டிக் கூடைகள் இருக்கின்றன. பச்சை அழகுப்பொருளுக்கு, சிவப்பு மருந்துக்கு, நீலம் மருத்துவக் கருவிக்கு. தீர்ப்புச் சொல்வது என்னவோ அதிகாரிகள்தான். எந்த வாசலில் போய் நிற்பது என்பதை இந்தக் கூடைகள் முடிவு செய்கின்றன.

"வெளக்கி, பளிச்னு காட்டுனா பச்சைங்க. நோவு தீர்க்குற மருந்துன்னா செவப்பு. மருந்தா இல்லாம, பொருளா நின்னு நோவுக்கு வேலை செஞ்சா நீலம். எதுவா இருந்தாலும் நீங்க டப்பா மேல என்ன சொல்றீங்களோ, அதுதாங்க உங்கள மாட்டிவிடும்." புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் பாடம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் உறை யோசனையே இல்லாமல் நீலத்தில் விழும். வாய் கொப்பளிக்கும் தண்ணீர் மட்டும் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நாள்கணக்கில் மேசையில் தவம் கிடக்கும்.

கீழ்த்தளத்தில் டப்பாவுக்கு டிசைன் போட்டு அச்சடிப்பவன் நான். மேலே அவர் ஒரு சொல்லைக் கோடு போட்டு அடித்தால், கீழே எனக்கு ஒரு அச்சு பிளேட் வீண். 'ஈறு வீக்கம் ஓடிப்போகும்' என்று மூன்று வண்ணத்தில் வளைத்து வளைத்து நான் எழுதியிருந்ததை ஒருமுறை ஆசையாகப் பார்த்தார். "எழுத்து ரொம்ப அழகா இருக்குதுங்க. எடுத்துருங்க," என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பார். முப்பத்திரண்டும் பழுப்பு. ஏரியூரில் பிறந்து, ஃப்ளோரைடு கலந்த அந்த ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறோம், நானும் அப்படித்தான். இவர் பொத்த மாட்டார். பத்தொன்பது வயதில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரம் செங்கல் தூளால் தேய்த்தாராம். ஈறு கிழிந்தது, கறை போகவில்லை, அந்த மாப்பிள்ளை போய்விட்டார். அடுத்து வந்த சுபியான் பென்னாகரத்துக்காரர். அவருக்கும் அதே பல். "அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். முடிஞ்சுதுங்க," என்பார்.

இன்னொரு பழக்கம், நாலு மணி நன்னாரி சர்பத். ஐஸ் நிறைய வேண்டும். சர்பத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஐஸ்கட்டிகளை முன்பல்லால் கடகடவென்று கடிப்பார். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கே பல் கூசும்.

நல்லம்பள்ளி நவநீதன் இந்தக் கோடையில் ஒரு பெட்டியோடு வந்தார். ஐம்பது வயது, அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். பெட்டிக்குள் ரப்பர் முனை வைத்த ஒரு குச்சி, ஒரு டியூப் பசை. தொட்டுத் தேய்க்க வேண்டியது. மேலே என் கைவண்ணம்: 'தண்ணீரால் வந்த பழுப்புக் கறை நாற்பதே நாளில் மறையும்.' பச்சைக் கூடையில் போட்டால் வேலை சுலபமாக முடியும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பல்லின் நிறம் அழகு சம்பந்தப்பட்டதுதானே, நோயா என்ன என்று கேட்டார். எனக்கும் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"பல்லு மேல ஒட்டுன கறைன்னா பச்சைங்கண்ணா. இது பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஏறுன கறை. அதையே போக்குறேன்னு சொன்னா நீலம். நீலத்துக்கு ஆதாரம் வேணும்."

ஆதாரம் அவரிடம் இல்லை. மகள் கனிமொழி இருந்தாள். கல்லூரியில் குழுப்படம் எடுத்தால் கடைசி வரிசைக்கு ஓடிவிடுகிறாளாம். அவளுக்காகத்தான் இதைச் செய்யவே ஆரம்பித்திருக்கிறார். லைசென்ஸ் வராமல் சொந்த மகளுக்குக்கூடக் கொடுக்க மனசு வரவில்லை என்றார். அந்த வரியை எடுத்துவிட்டால் இந்த ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்றும் கேட்டார்.

அன்ஜும் மேடம் பெட்டியை எந்தக் கூடையிலும் போடவில்லை. "நாப்பது நாளு விடுங்க. நம்ம வாயிலயே பாத்துருவோம்," என்றார்.

நாற்பத்தொன்றாம் நாள் நவநீதன் வந்தபோது நானும் பின்னாலேயே மாடியேறினேன். பிளேட் பிழைக்குமா என்ற கவலை எனக்கு. மேடம் ஜன்னலோரம் போய் நின்று, மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். முன்பல் இரண்டில் ஒன்றை மட்டும்தான் நாற்பது நாளும் தேய்த்தாராம்.

"எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

நவநீதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏதாவது ஒரு பல்லாவது வெளுத்திருக்க வேண்டுமே என்று மனசார வேண்டிக்கொண்டேன். இரண்டும் அதே பழுப்பு. நெடுநேரம் கழித்து அவர் விரலை நீட்டினார்.

"வலதுங்களா?"

"இடதுங்க."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. கனிமொழிப் பாப்பாவிடம் என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டார். பல் டாக்டர் ஒருவரைப் பார்க்கட்டும், தேய்க்க மட்டும் வேண்டாம் என்றார் மேடம். நவநீதன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, யாரும் கேட்காமலே அந்த வரியைத் தானே அடித்தார். அதன் கீழே, 'டீக்கறை, வெற்றிலைக் கறை துடைக்க' என்று எழுதினார். பெட்டி பச்சைக் கூடைக்குப் போனது. என் பிளேட்டும் போனது.

நாலு மணி சர்பத் வந்தது. பேசிக்கொண்டே அன்ஜும் மேடம் ஒரு கரண்டியை எடுத்து, ஐஸ்கட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு இடது முன்பல்லில் படாமல், தம்ளரை வலது கடைவாய்ப் பக்கமாகச் சாய்த்து, மெல்ல ஒரு வாய் குடித்தார்.