கேட்காமல் திட்டிய ஆல்பம்

ஒரு தப்பு செய்துவிட்டேன். முதல் பாட்டில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு முழு ஆல்பத்தையும் திட்டி இதே பத்தியில் எழுதினேன். நீங்களும் படித்துச் சிரித்தீர்கள். சிலர் போன் செய்துகூடப் பாராட்டினீர்கள்.

ஆல்பத்தின் பெயர் 'செகண்ட் கியர்'. எங்கள் போடியில், ஒரு ஜீப் ஷெட்டுக்குள் பதிவு செய்தது. கிடார் வாசித்துப் பாடுவது பர்வீன். டிரம்ஸ், மாரி. சைக்கடெலிக் ராக் (கேட்டாலே போதை ஏறும் ரகம்) என்று போட்டிருந்தார்கள். செல்போனில் கேட்டேன். தகர டப்பாவுக்குள் குளவி புகுந்த மாதிரி இருந்தது. அப்படியே எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் இல்லையா... கேட்காமலே கருத்துச் சொல்லும் தகுதி தானாக வந்துவிடுகிறது.

போன வாரம் போடிமெட்டில் ஒரு நண்பரைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் போய்விட்டது. தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் முன் சீட்டு கிடைத்தது. ஓட்டியது யார்? ஆல்பம் அட்டைப் படத்தில் பார்த்த மாரியேதான். பத்தியில் என் படம் போடாத ஆசிரியருக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் பாட்டைப் போட்டார் மாரி. அதே ஆல்பம். எங்கே போய்த் தப்பிப்பது?

முதல் கொண்டை ஊசி வளைவில் கிடார் உறுமியது. ஜீப் திரும்ப, அதுவும் கூடவே திரும்பியது. அடுத்த பாட்டில் உறுமி மேளம். அதற்கடுத்ததில் திருவிழாக் கச்சேரி ஆர்கன். ஒரு பாட்டு தாலாட்டாகத் தொடங்கிச் சந்தைக்கூச்சலாக முடிந்தது. பின்னால் இருந்த பெண்கள் தூக்குவாளி மூடியில் தாளம் போட்டார்கள். வானம் ஒரு வளைவில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம்... தலை கிறுகிறுத்தது. காபியைத் தவிர எதுவும் குடித்திருக்கவில்லை, நம்புங்கள்! என் கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

பிரமாதமாக இருக்கிறதே, அடுத்த ஆல்பம் எப்போது என்று கேட்டேன்.

மாரி சத்தத்தைக் குறைத்தார். அடுத்தது கிடையாதாம். ஷெட் பர்வீனின் அத்தாவுடையது; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாளாம். ஏலக்காய் வியாபாரி. படித்த மனிதர் ஒருவர் பத்திரிகையில் திட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஷெட்டைப் பூட்டிவிட்டாராம்.

"எவனோ ஒரு கெழவன் எழுதிப்புட்டான் அப்பு. பாட்டைக் கேட்டானா இல்லையான்னே தெரியல."

"பாதி கேட்டேன்" என்றேன்.

ஜீப் நின்றது. 

"பெருச இங்கனயே எறக்கி விடு மாரி" என்றார் பின்னாலிருந்து ஒரு பெண். "மிச்சப் பாதிய நடந்து வரட்டும்."

ஜீப்பே சிரித்தது. மாரியும்தான், கொஞ்சம் தாமதமாக. இறக்கிவிடவில்லை.

மறுநாள் அவர்களுடைய ஏலக்காய்க் கடைக்குப் போனேன். பர்வீன் ஏலக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தாவோ நான் யாரென்று சொன்னதும் டீ வரவழைத்தார். வாரம் தவறாமல் என்னைப் படிக்கிறவராம்! பாதி கேட்டுவிட்டு எழுதியதைச் சொன்னேன். இப்போது முழுதும் கேட்டேன், அருமையாக இருக்கிறது, ஷெட்டைத் திறந்துவிடுங்கள் என்றேன்.

"அப்ப இத்தன வருசமா நீங்க எழுதுனதெல்லாம் இப்படித்தானா சார்?"

எல்லாமும் இல்லை என்றேன். எது எது என்று கேட்டார்.  வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிப்பது நல்லது என்று ஒருமுறை எழுதியிருந்தேனாம். அன்றிலிருந்து தினமும் குடிக்கிறாராம்.

"அதையாவது குடிச்சுப் பாத்துட்டு எழுதுனீங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கல்லாவிலிருந்து ஷெட் சாவியை எடுத்தார். "இந்தா, நீ போய் ஒன் சோலியப் பாரு" என்று அவளிடம் நீட்டினார்.

ஷெட் திறந்துவிட்டது. அவர் பத்திரிகையை நிறுத்திவிட்டார் — பாகற்காய்ச் சாற்றையும்!