ஊமைக் கப்பலும் அக்கா சொன்ன முடிவும்

அக்காவுக்குக் கால் உடைந்ததில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். வாருங்கள், பரவாயில்லை. கல்யாணமாகிப் பாலசமுத்திரம் போனதிலிருந்து அவள் என் வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு நாள் தங்கியதில்லை. மாடு கறக்க வேண்டும், மாந்தோப்புக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது என்று காலையில் வந்தால் சாயந்திரம் பஸ் ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவள் பம்புசெட் தொட்டியடியில் வழுக்கி விழுந்து, புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் குளியலறைக்குப் போகவே படி இறங்க வேண்டும். என் திருப்பதி ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கிறது. அந்த லிஃப்ட்டைக் காரணம் காட்டியே அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டையும் கலந்த வாசனை வீடு முழுக்க அடித்தது. ஓடிப்போக முடியாத அக்கா ஒருத்தி கையில் கிடைத்தால் வேறென்ன செய்வது? நான் கப்பல் விளையாட்டை வாங்கினேன்.

சிறுவயதில் நகரியில் எங்கள் வீட்டின் முன்பாதியில் விசைத்தறிகள், பின்பாதியில் நாங்கள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் நைனா யாரிடமோ வாங்கிவந்த பழைய கம்ப்யூட்டர். அதில் ஆட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சிடி. மூடுபனியில் சொந்தத் துறைமுகத்தைத் தொலைத்துவிட்ட ஒரு கேப்டன், தீவு தீவாகச் சரக்கு விற்றுக்கொண்டே வீட்டைத் தேடிப் போவான். விளையாட்டு அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம் என்று சொல்வது பொய். அக்கா ஆடினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து “லெஃப்ட்ல, லெஃப்ட்ல” என்று கத்தினேன்.

அவள் கடைசித் துறைமுகத்தை அடைந்த அன்று பார்த்து நான் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டேன். ஓடிவந்து “என்னாச்சு, என்னாச்சு?” என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே சொன்னாள். தறிச் சத்தத்தில் கதை சொல்வதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். கப்பல் வருகிறது. கரை நெடுக விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். கேப்டனின் தாடியைப் பார்த்து ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் வளர்த்த நாய் மட்டும் கிழடாகி, கண் தெரியாமல், மோப்பம் பிடித்தே வந்து அவன் காலில் படுத்துக்கொள்கிறது. அப்புறம்தான் ஊரே கூவுகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, அந்த வாரம் முழுக்கச் சொன்னாள்.

அந்த மாதமே அவளுக்குக் கல்யாணம். சிடியும் அதற்குப் பிறகு ஓடவில்லை. தறிவீட்டுப் பிள்ளைகள் நாங்கள், எதைத் துடைப்பதென்றாலும் கையில் வருவது கழிவு நூல்தான். கஞ்சித் துகளும் எண்ணெயும் ஏறிய அந்த நூலாலேயே சிடியையும் தேய்தேய் என்று தேய்த்து ஒழித்திருந்தோம். நான் சித்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்தேன். அழுகை வரும்போதெல்லாம் அந்தக் கிழட்டு நாயை நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம்கூட அந்த முடிவைத்தான் சொன்னேன். பாவம், அவர் சமைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார். ஆகவே அந்தப் பழைய விளையாட்டை ஓர் இணையக் கடை மறுபடியும் வெளியிட்டிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா சொன்ன முடிவை, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, என் கண்ணால் பார்க்க வேண்டும்.

“இன்னாத்துக்குடி இப்போ அதெல்லாம்? காலேஜ்ல கணக்கு சொல்லிக்குடுக்கிறவ பண்ற வேலையா இது?” என்றாள் அக்கா. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வாங்கியாயிற்று. ஓட்டினால், கப்பல் போகிறது, அலை அடிக்கிறது, பாட்டைக் காணோம். இடையில் வரும் படக்காட்சிகளின் இடத்தில் கறுப்புத் திரை வந்து நின்றுவிட்டுப் போகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வெறும் இலையைப் போட்டால் எப்படி இருக்கும்! எனக்கு வந்த கோபத்துக்குக் கீபோர்டு தப்பித்ததே பெரிது. இணையத்தில் தேடினேன். இந்தக் கப்பலுக்கென்றே ஒரு மன்றம் இருந்தது. உலகத்தின் மூலைமுடுக்கில் இருக்கிற கிறுக்கர்களெல்லாம் அங்கே கூடி, ஊமையாகிப்போன விளையாட்டுக்கு வாய் வரவழைப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்ட நிம்மதி எனக்கு.

விஷயம் இதுதான். பழைய சிடியில் விளையாட்டும் இருக்கும், பாட்டு கேசட்டில் இருப்பதுபோல் பாட்டுகளும் வரிசையாக இருக்கும். மறுபடி வெளியிட்டவர்கள் விளையாட்டை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பாட்டை ஒரு மூட்டையாக்கி மூலையில் தள்ளியிருந்தார்கள். மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எண் போட்டு, ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும். மன்றத்துக்காரர்கள் எழுதிய சின்னக் கோப்பு ஒன்றையும் பக்கத்தில் போட்டுவிட்டால் பாட்டு வந்துவிடும்.

எண் போட்டேன். பாட்டு வந்தது. நானும் அக்காவும் கூவிய கூவலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. ஆனால் புயலில் கப்பல் உடைகிறபோது சந்தைக் கும்மாளம் கேட்டது. சந்தையில் மிளகு விற்கிறபோது ஒப்பாரி. திருமலை மலைப்பாதையில் நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் தெலுங்குக்காரர். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, “பெள்ளிலோ சாவு டப்பு கொட்டினட்டுந்தி” என்றார். கல்யாணத்தில் சாவு மேளம் அடித்ததுபோல் இருக்கிறதாம். சிடியில் முதல் இடம் விளையாட்டுக்கு, பாட்டு இரண்டிலிருந்துதான் தொடங்கும் என்று மன்றத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தேன். கணக்கு டீச்சர்!

திருத்தினேன். புயலுக்குப் புயல் பாட்டு, சந்தைக்குச் சந்தைப் பாட்டு. அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஒண்ணு கொறையுது.”

எனக்கும் அதே சந்தேகம். ஏதோ ஒரு வாத்தியம் இல்லை. மேலே, கீச்சென்று, ஒரே சுரத்தில், விட்டு விட்டு வரும். பாட்டு முடியப் போகும்போது வேகமெடுக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது துல்லியமாக நினைவிருந்தது. மன்றத்தில் எழுதினேன். குளிர்தேசத்து மனிதர் ஒருவர், அப்படி ஒரு வாத்தியம் எந்தப் பாட்டிலும் இல்லையே என்று மரியாதையாகப் பதில் போட்டார். நான் விடுவேனா? எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நினைவிருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். நாலு பேர் என் பக்கம் சேர்ந்தார்கள். ஆசியாவுக்கென்று தனியாக ஒரு பதிப்பு வந்திருக்கலாம் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், அந்த அபூர்வப் பதிப்பைத் தேடி ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது.

ஒரு மத்தியானம் சந்தைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. மேஜைக்கடியில் இருந்த யுபிஎஸ் “கீக்... கீக்... கீக்...” என்று கத்த ஆரம்பித்தது.

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“அதாண்டி! அதேதாண்டி!” என்று அக்கா கட்டிலைக் குத்தினாள்.

நகரியில் தறி ஓடுகிறவரை எங்கள் காதில் பாட்டாவது மண்ணாவது! கரண்ட் போனால்தான் தறிகள் நிற்கும். நின்றதும் எங்கிருந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஓடிவருவோம். அங்கிருந்த யுபிஎஸ் தாங்குகிறவரை, அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறோம். யுபிஎஸ்ஸின் கதறல் இல்லாமல் நாங்கள் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அக்கா சிரித்தாள். சிரித்தால் கால் வலித்தது. வலித்ததற்கு “அய்யோ” என்று கத்தி, கத்தியதற்கும் சேர்த்துச் சிரித்தாள். நான் தரையில் கிடந்தேன். படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் “ஏமைந்தி? வதினா காலு மல்லி விரிகிந்தா?” என்று ஓடிவந்தார். அக்காவின் கால் மறுபடி உடைந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம். சிரித்துக்கொண்டே மேஜைக்கடியைக் கைகாட்டினோம்.

மன்றத்தில் உண்மையை எழுதினேன். குளிர்தேசத்து மனிதர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். இன்னொருவர் யுபிஎஸ் சேர்த்த பதிப்பு தனக்கும் வேண்டும் என்று கேட்டார்.

மிச்சம் இருந்தது படக்காட்சிகள். பழைய படங்களின் வடிவம் இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது. ஒவ்வொன்றையும் புதிய வடிவத்துக்கு மாற்றி, பழைய பெயரையே வைத்து, பழைய இடத்திலேயே போட வேண்டும். மாற்றும்போது மூலையில் சின்னதாகப் படம் ஓடும். கடைசிப் படம் மாறும்போது திரையைக் கையால் மறைத்துக்கொண்டேன். திருட்டுத்தனமாகப் பார்க்கத்தானா இத்தனை வருஷம் காத்திருந்தேன்? கப்பல் போய்ச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஆனால் கப்பல் போய்ச் சேர மாட்டேன் என்றது. அக்காதான் ஓட்டினாள். கடைசித் துறைமுகம் வரைபடத்தில் தெரிந்ததும் வேண்டுமென்றே திரும்பினாள். “மொளகு கொஞ்சம் கீது, வித்துட்டுப் போலாம்.” விற்றாள். “சக்கர ஏத்திக்கினு வந்துடலாம்.” ஏற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தூரில் கட்டுப் பிரிக்கச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. பிரித்தால் இவள் மாட்டைப் பார்க்க ஓடிவிடுவாள்.

“நாளைக்குக் கட்டப் பிரிக்கணும்க்கா. இன்னிக்கு வூடு போய்ச் சேரணும் அவன்” என்றேன்.

அவள் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். பிறகு நேராக ஓட்டினாள். துறைமுகம் வந்தது. திரை ஒரு கணம் கறுத்தது, அப்புறம் படம் ஓடியது!

கப்பல் நின்றது. கேப்டன் பலகை வழியாக இறங்கினான். தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் கையை நீட்டினார். கேப்டன் ஒரு காகிதத்தைக் கொடுத்தான். அதிகாரி முத்திரை குத்தினார். அவ்வளவுதான், விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

விளக்கு இல்லை. நாய் இல்லை. ஊர் இல்லை. பட்டா மாற்ற வந்தவன்போல் முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கண் இருண்டது. “வெட்டிட்டாங்கக்கா! முடிவையே வெட்டிட்டு வித்துருக்கானுங்க! பாட்டத் தூக்கி மூலையில போட்டவனுங்கதானே, இதையும் பண்ணுவானுங்க!” மன்றத்தைத் திறந்து தட்டத் தொடங்கினேன். மூல முடிவு இதில் இல்லை, விளக்குகள் எங்கே, நாய் எங்கே, கடைக்காரர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று பக்கம் நிறைய எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்குக் கை போனது.

“அனுப்பாதடி” என்றாள் அக்கா.

திரும்பிப் பார்த்தேன்.

“நாய் கெடையாது. நான் கட்டிச் சொன்னது.”

எனக்குப் புரிய நேரமானது. அவள் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்குக் கப்பல் வந்து நின்னுச்சு. சிடி கரகரன்னு இஸ்துச்சு, படம் அப்பிடியே நின்னு பூட்ச்சு. நானும் எவ்வளவோ தொடச்சித் தொடச்சிப் போட்டுப் பாத்தேன். வரவே இல்ல. நீ பைய மாட்டிக்கினு ஓடியாந்து என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுக்கினு நிக்கிற. எனக்கே தெரியலன்னு உங்கிட்ட எப்பிடிச் சொல்றது?”

கோபம் வரவேண்டிய இடம் அது. எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் வருமே. ஆனால் வரவில்லை. ஹாஸ்டலில் என்னைத் தூங்கவைத்த நாயை, கல்யாணத்துக்குக் காத்திருந்த ஒரு பெண் தார் சுற்றிக்கொண்டே செய்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, இரண்டையும் விட்டேன்.

அக்கா அழவில்லை. அவள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னது தப்பா இருக்கும்னு தெரியும். ஆனா இத்தினி வருசமா, நெசமாவே என்னாச்சின்னு பாக்கணும்னு எனக்குந்தான் இருந்துச்சு” என்றாள். அப்புறம் குரல் ஏறியது. “இவ்ளோதானா? அத்தினி தீவு சுத்திட்டு வூட்டுக்கு வரான். ஒருத்தர்கூடவா எதுருல வந்து கூப்புட மாட்டாங்க? வந்தியா, துன்னியான்னு ஒரு வார்த்த இல்ல? இப்பிடியா எடுப்பானுங்க? எழுதுடி. முடிவு சரியில்லன்னு எழுது.”

“இப்பதானே அனுப்பாதன்னே?”

“அத அழிச்சிட்டு வேற எழுது. எப்பிடி இருக்கணும்னு நான் சொல்றேன்.”

அழித்தேன். அவள் தலையணையை முதுகுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கையை வீசி வீசிச் சொல்ல ஆரம்பித்தாள். கப்பல் வருகிறது. கரையெல்லாம் விளக்கு. “ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, கப்பல் நிக்கிறதுக்குள்ளவே அவன் தங்கச்சி தண்ணியில எறங்கிட்டா. இடுப்பு வரைக்கும் நனஞ்சிக்கினு ஓடியாரா. அவளுக்குப் பொறுக்காது. எழுதினியா?”

பழைய கதையில் தங்கை கிடையாது. “எழுதிட்டேன், மேல சொல்லு” என்றேன்.