ராஜு மாஸ்டரின் டப்ளினும் என் வீட்டு "அப்புறமும்"

இன்று மாலை பதுளையிலிருந்து வந்த பஸ், தெமோதரைக்கு இந்தப் பக்கம் பழுதாகிப் படுத்துவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தோம்.

கூட வந்தவர் யார் என்கிறீர்கள்? எங்கள் பள்ளிக்கூடத்து ராஜு மாஸ்டர். நாமெல்லாம் ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில், பாதிரியார் தயவில் அயர்லாந்துக்கு, டப்ளினுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த புண்ணியவான்.

நடக்கத் தொடங்கியதும் அவரும் தொடங்கிவிட்டார்.

"அங்க சரித்திரப் பேராசிரியரே நம்மளத் தெருத்தெருவா நடத்திக் கூட்டிட்டுப் போவாருங்க. ஆத்தங்கரையில நிப்பாட்டி, 'உருளக்கெழங்கு அழுகிப் பஞ்சம் வந்தப்ப சனங்க இங்கதான் கப்பல் ஏறுனாங்க'ன்னாரு. எனக்கு, பஞ்சத்துல இந்தியாவுலருந்து கப்பலேறி வந்த நம்ம தாத்தாமாரு ஞாபகம் வந்துருச்சு."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். என் மனைவி கமலா, பையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டாள்: "அப்புறம் என்னாச்சுங்க மாஸ்டர்?"

எனக்கு வயிறு எரிந்தது. நானும் சரித்திரம் படிப்பிக்கிறவன்தானே? அடுத்த வளைவில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்த முடக்குலதான் தேயிலக் கொழுந்து லொறி கவுந்துச்சு..."

"எனக்குத் தெரியாதா மாஸ்டர்? அந்த லொறியில நான்ல இருந்தேன்!" என்றார் பின்னால் வந்த மாரியாயி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். கமலாதான் அதிகம் சிரித்தாள். ராஜு மாஸ்டர் மறுபடி டப்ளினுக்குப் போய்விட்டார். அவருக்கென்ன, டப்ளின்காரர் யாரும் எங்கள் பஸ்ஸில் வரவில்லையே.

வீட்டில் சோறு போடும்போது கமலா சொல்கிறாள்: "நாளைக்கும் பஸ் நின்னா நல்லாருக்கும்ங்க. மாஸ்டர் மிச்சத்தைச் சொல்லுவாரு."

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு "அப்புறம்" கேட்டதில்லை அவள்.

உங்கள் வீட்டில் கேட்கிறார்களா? கேட்கிறார்கள் என்றால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.