வெள்ளி அடித்த தையல் மெஷின்

என் அப்பா சங்கிலிமுத்து 2008 ஜனவரியில் சாத்தூரில் இறந்தார். வயது அறுபத்து மூன்று. வேலை செய்துகொண்டிருந்த பலகையிலேயே சாய்ந்துவிட்டார். முன்னால் ஒரு தையல் மெஷின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கழற்றிய ஒரு திருகு சைக்கிள் மணியின் மூடிக்குள் கிடந்தது. இரண்டாவது திருகு பாதி கழன்றிருந்தது. நான் ஓசூரிலிருந்து வந்து சேர மறுநாள் காலை ஆனது.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் போனபின் வீட்டில் நானும் முப்பது மெஷின்களும் இருந்தோம்.

இதில் வரும் ஒரு வீட்டாரின் பெயர்களை மாற்றி எழுதுகிறேன். அந்த வீட்டில் வைத்து ஒரு வயதான அம்மாவை நான் பொய்க்காரி ஆக்கினேன். அப்பா அப்போது பக்கத்தில் நின்றார். அவர் இருந்தவரை எனக்கு அது தவறென்றே தெரியாது.

அப்பா பிறந்தது அச்சங்குளத்தில். தாத்தா அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர். அப்பா பதினெட்டு வயதில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். அலுமினியப் பொடி சலிக்கும் வேலை. முழங்கைவரை வெள்ளியாக வீட்டுக்கு வருவார் என்று அம்மா சொல்வாள். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் மினுங்குமாம். 1974-இல் அடுத்த அறையில் தீப்பிடித்தது. அப்பா வெளியே ஓடிவிட்டார். உடம்பில் ஒரு காயம் இல்லை. ஆனால் அதன்பின் சல்லடையைக் கையில் எடுத்தால் கை நடுங்கியது. நடுங்கும் கைக்கு அந்த வேலை கிடையாது.

முதலாளி வீட்டில் தண்ணீர் எடுக்க, தோட்டம் பார்க்க என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு தையல் மெஷின் இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்கிற தவறு. கைக்கு எட்டும் எண்ணெய் அதுதான். ஆறே மாதத்தில் அது பிசின் போல் கெட்டியாகிவிடும். அப்பா அனுமதி கேட்டு அதைப் பிரித்தார். கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய சேலையில் பரப்பினார். மண்ணெண்ணெயில் கழுவினார். இரண்டு நாளில் மாட்டிவிட்டார்.

"ஓடுச்சாப்பா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

"அது ஓடுறது கெடக்கட்டும் தாயி. கை நடுங்கல" என்றார்.

அதன்பின் சைக்கிளில் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று சுற்றினார். வீட்டுக்கே போய் மெஷின் சரிபார்க்கிற ஆள். விருதுநகரில் பழைய இரும்புக் கடைகளுக்கு உடைக்க வரும் மெஷின்களில் பழையதாகப் பார்த்து எடுத்து வருவார். ஓடவைத்தபின் விற்கமாட்டார்.

அம்மாவுக்கு அது பிடிக்காது. "ஏங்க, மனுசன் காலு நீட்டிப் படுக்க எடம் வேணுமா வேண்டாமா?"

"அதுக என்ன ஒன் தட்டுலயா கைய வைக்குது?"

"தட்டுல வைக்கல. கட்டில்ல வச்சிருக்கீகளே, அத எங்கன கொண்டுபோயிச் சொல்ல."

அம்மா 1999-இல் காய்ச்சலில் இறந்தாள். நான் விருதுநகரில் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலைக்குப் போனேன். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலை. வருடத்துக்கு மூன்று முறை ஊருக்கு வருவேன். ஒவ்வொரு முறையும் மெஷின்கள் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும். முதலில் முன்னறை. பிறகு அம்மாவின் கட்டில் இருந்த மூலை. கடைசியில் அடுக்களை. அடுப்புக்கும் பானைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். அவர் மெஷினைப் பற்றிப் பேசுவார். நான் கேட்பேன். என்ன சாப்பிட்டீர்கள் என்றால், "அது கெடக்கு" என்பார்.

ஒரு மெஷினைப் பார்த்த உடனே அதன் வயதைச் சொல்வார். நூல்கண்டு படகு போன்ற நீள உறையில் போனால் ஒரு காலம். வட்டமாகச் சுழன்றால் வேறு காலம். சக்கரத்தின் ஆரம், திருகின் தலை, தங்கப் பூவேலை எல்லாம் பார்ப்பார். ஆயுத பூசைக்கு வருடாவருடம் சந்தனம் வைத்த இடத்தில் பூ அழிந்திருக்கும். அதை விரலால் தடவி, "இது நாப்பது பூசை பாத்த மெஷினு" என்பார்.

2004-இல் ஓசூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் நான் ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தேன். மெஷின் தலையில், அதாவது ஸ்டாண்டின் மேல் உட்காரும் தைக்கிற பாகத்தில், பதித்த எண்ணும் அதன் முன்னால் உள்ள எழுத்தும் எந்த வருடத்தைக் குறிக்கும் என்ற பட்டியல். பதினாறு பக்கம் அச்செடுத்துக் கொண்டுவந்தேன். அப்பா எல்லா மெஷின்களையும் கழுவித் துடைத்து எண்ணைப் படித்தார். சிவகாசி அச்சகம் ஒன்று கொடுத்த டைரியில் வரிசையாக எழுதினார். அந்த வருடம் ஞாயிறு போன்கள் நீளமாக இருந்தன.

"நம்ம பதினேழாம் நம்பரு 1926-ல பெறந்துருக்கு தாயி. நான் இருபத்தெட்டுன்னு நெனச்சேன். ரெண்டு வருசம் தப்பு."

"எம்புட்டு மெஷினுக்குப்பா தப்பு?"

"நாலுக்குத்தான்" என்றார். அவர் பெருமைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

2006 வைகாசியில் சிவகாசியிலிருந்து ஆள் வந்தது. அச்சகமும் பட்டாசு வியாபாரமும் செய்யும் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டில் பாகப் பிரிவினை. முத்துக்கிருஷ்ணன் என்பவர் வீட்டை எடுத்துக்கொள்கிறார். அவருடைய சித்தி பத்திரகாளி அம்மா, பிள்ளையில்லாத விதவை, விருதுநகரில் தனி வீடு பார்த்துப் போகிறார். கல்யாணச் சீராக வந்த பொருள் பெண்ணோடு போகும். வீட்டில் வாங்கிய பொருள் வீட்டோடு இருக்கும். பாத்திரங்களில் அவர் பெயர் வெட்டியிருந்ததால் தகராறு இல்லை. தையல் மெஷினில் பெயர் இல்லை. சீராக வந்தது என்றார் பத்திரகாளி அம்மா. சித்தப்பா பிறகு வாங்கியது என்றார் முத்துக்கிருஷ்ணன். வயது சொல்ல அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் லீவில் இருந்தேன். பட்டியலை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

கூடத்தில் முத்துக்கிருஷ்ணன், பேசித் தீர்க்க வந்த உறவினர் சங்கரலிங்கம், சுவரோரம் பத்திரகாளி அம்மா. நடுவில் மெஷின். உடம்பு முழுக்க வெள்ளி வண்ணம். கம்பெனி அலுமினியப் பொடியை வார்னிஷில் குழைத்துப் பழைய இரும்புக்கு அடிப்பது எங்கள் பக்கம் வழக்கம். ஜன்னல் கம்பி, டிரங்குப் பெட்டி, எல்லாம் அப்படித்தான் மினுங்கும்.

"எப்போ கல்யாணம்?" என்று கேட்டேன்.

"அம்பத்தஞ்சு ஆவணி" என்றார் பத்திரகாளி அம்மா.

அப்பா மெஷினைத் தொடவில்லை. தாங்கும் இரும்புக் காலை மட்டும் பார்த்தார். "பழசுதான் மொதலாளி. அம்மா சொல்றது சரிதான்" என்றார்.

"பாக்காமலே சொல்லுதீரு?" என்றார் சங்கரலிங்கம்.

நான் பையிலிருந்து துணியையும் பெட்ரோல் பாட்டிலையும் எடுத்தேன். எண் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

"அதச் சொரண்டாத தாயி" என்றார் அப்பா.

"எண்ணு இருக்குப்பா. பாத்துட்டாச் சண்டை முடிஞ்சிரும்லா."

"ஸ்டாண்டு பழசு தாயி."

"ஸ்டாண்டுல வருசம் கெடையாது. தலையிலதான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பத்திரகாளி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளியைத் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன். எண் தெளிவாக வந்தது. பட்டியலில் தேடினேன்.

"1958" என்றேன்.

சங்கரலிங்கம் பத்திரகாளி அம்மா பக்கம் திரும்பினார். "ஏம் ஆத்தா, கல்யாணத்துக்குப் பெறகு செஞ்ச மெஷினு கல்யாணச் சீருல எப்படி வந்துச்சு? ஒரு மெஷினுக்காகவா இந்த வயசுல பொய்?"

பத்திரகாளி அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. திருத்தங்கல் தாண்டியபின் ஒன்று மட்டும் கேட்டார். "பட்டியல எங்கிட்ட தாரியா?" கொடுத்தேன்.

அதன்பின் ஞாயிறு போன்கள் சுருங்கின. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் அப்படியே நினைத்தேன்.

அவர் இறந்து இருபது நாள் கழித்து, வீட்டை ஒழுங்குபடுத்த டைரியை எடுத்தேன். பட்டியல் அதற்குள் மடித்திருந்தது. ஒவ்வொரு மெஷினையும் எண்ணோடு சரிபார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். இருபத்திரண்டாம் மெஷின் வீட்டில் இல்லை. ஒன்பதாம் மெஷின் அம்மாவின் கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றியிருந்தது. தலை மட்டும். அடித்தட்டின் ஒரு மூலை உடைந்து, கருப்பு வண்ணத்தில் தங்கப் பூ அழியாமல் இருந்தது. டைரியில் அப்பாவின் கையெழுத்து:

"9. தலை மட்டும். ப. அம்மா வீடு, சிவகாசி. 1979 தை. கீழே விழுந்து உடைந்தது. வேறு தலை மாட்டி, வித்தியாசம் தெரியாமலிருக்க வெள்ளி அடித்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சொல்லியிருக்கிறேன்."

பக்கத்தில் வேறு மையில், பட்டியல் பார்த்து எழுதியது: 1953.

எண்ணை நான் மூன்று முறை சரிபார்த்தேன். 1953-தான். கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. அந்த அம்மா சொன்னது உண்மை.

அப்பா அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று தெரிய வேண்டியிருந்தது. விருதுநகர் போனேன்.

பத்திரகாளி அம்மா ஒற்றை அறை வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அந்த மெஷினை எனக்குத் தெரியும். இருபத்திரண்டாம் நம்பர்.

"ஒங்கப்பா மறுவாரமே கொண்டாந்து எறக்கிட்டாரு" என்றார். "வேண்டாம்னேன். கேக்கல. இது வச்சுத்தான் காலம் ஓடுது. மாசத்துக்கு ஒருக்கா வந்து எண்ணெ விட்டுட்டுப் போவாரு. தை பொறந்து ஆளக் காணோமேன்னு பாத்தேன்."

சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

கொஞ்சம் பொறுத்து, உடைந்த தலையைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு எத்திவிட்டாரு" என்றார். "சோறு ஆறிப்போச்சாம். என்னைய எத்துன எத்து மெஷினுல விழுந்துச்சு. சிமிண்டுத் தரையில போயி மூலை ஒடஞ்சுச்சு. மாமியாருக்குத் தெரிஞ்சா, நீ என்ன பண்ணுனன்னு என்னையத்தான் கேப்பாக. ஒங்கப்பாவக் கொல்லப்பக்கமா வரச் சொல்லி மாத்துனேன். சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"அன்னைக்கு நீங்க சொல்லிருக்கலாமே."

"அவரு படம் மாலையோட தொங்குது அந்தக் கூடத்துல. அதுக்கு அடியில நின்னு சொல்லவா? முத்துக்கிருஷ்ணனுக்குச் சித்தப்பான்னா தெய்வம்." நூலைப் பல்லால் கடித்தார். "மெஷினு போனா போகுது பிள்ள. பாக்குற எடத்துலெல்லாம், சித்தி பொய் சொன்னாகளேன்னு சிரிக்காக. கல்யாண வீட்டுக்குப் போக முடியல. அதுதான்."

"நான் போயி நடந்ததைச் சொல்லிருதேன்."

"வேண்டாம்."

"தலை எங்கிட்ட இருக்கும்மா. எண்ணு இருக்கு."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல. ஒங்கப்பாவக் கேட்டதுதான் ஒனக்கும்."

நான் ஓசூருக்குப் போகாமல் இரண்டு நாள் சாத்தூரில் இருந்தேன். யாரிடமும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை. என் வேலையில் எடுத்த அளவை மாற்றி எழுதுவதுதான் பெரிய குற்றம். எட்டு வருடத்தில் ஒரு எண்ணை நான் மாற்றியதில்லை.

மூன்றாம் நாள் சிவகாசியில் முத்துக்கிருஷ்ணனின் அச்சகத்துக்குப் போனேன். காலண்டர் சீசன் முடிந்து அச்சு மெஷின்கள் சும்மா நின்றன.

"அன்னைக்கு நான் எண்ணைத் தப்பா வாசிச்சுட்டேன்" என்றேன். "வெள்ளி சரியாப் போகாம எட்டு மாதிரித் தெரிஞ்சிருக்கு. வருசம் அம்பத்தி மூணு. அம்மா சொன்னதுதான் சரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு வருசம் கழிச்சு இப்போ எப்படித் தெரிஞ்சுது?"

"அப்பா டைரியில இருந்துச்சு."

"மெஷினு வீட்டு மாடியிலதான் கெடக்கு. பாத்துருவமா?"

போனோம். தூசிக்கு நடுவே நான் சுரண்டிய இடம் மட்டும் கருப்பாக இருந்தது. 1958-இன் எண் ஒரு இலக்கம்கூட மங்காமல் இருந்தது. நான் பட்டியலைப் பிரித்து, வேறு வரியில் விரலை வைத்தேன்.

"1953" என்றேன்.

அவர் பட்டியலைக் கையில் வாங்கவில்லை. எண்ணையும் குனிந்து பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்தார். கை நடுங்கியது.

"என்ன வேல பாக்குற?"

"அளவு சரிபாக்குற வேல."

"அங்கயும் இப்படித்தான் வாசிப்பியோ?"

"இல்ல."

அங்கேயே நின்று சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டார். "மாமா, அந்த மெஷினு சமாச்சாரம். சங்கிலி மக தப்பா வாசிச்சிருக்கா. ஆமா, படிச்ச பிள்ளதான். என்ன படிச்சாளோ. சித்தி சொன்னதுதான் சரியாம். ஆமா. வீட்டுல அத்தைகிட்டயும் சொல்லிருங்க. எல்லாத்துக்கும் சொல்லிருங்க." வைத்துவிட்டு, சித்திக்கு அனுப்ப மெஷினை இறக்க ஆள் கூப்பிட்டார்.

ஆட்டோவில் ஏற்றும்போது வாசலில் நின்று சொன்னார். "ஒங்கப்பா இருந்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது."

"நடந்திருக்காது" என்றேன்.