லோடர் அருள்நாதனின் கடைசி டூட்டி

ராயபுரத்தில் ஒருவர் ரிட்டையர் ஆகிறார் என்றால் அது அவருக்கும் அவருடைய ஆபீஸுக்கும் மட்டும் உள்ள சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தெருவுக்கே சொந்தம். கூட வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கு வெளியே மாலை போட்டு, பேண்டு செட்டு முழங்க, வெடி வெடித்து, வீட்டு வாசல்வரை நடத்திக் கூட்டிவர வேண்டும். ஹார்பரோ, ரயில்வேயோ, எண்ணூர் ஃபேக்டரியோ, வழக்கம் ஒன்றுதான். தனியாக ஆட்டோவில் வந்து இறங்குகிறவனைப் பார்த்தால் தெரு என்ன நினைக்கும்? ஏதோ தப்புத்தண்டா பண்ணி வெளியே தள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைக்கும்.

அருள்நாதனுக்கு அந்த மாலையின்மேல் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம். அதற்குக் காரணம் அவர் மனைவி ரோசியின் அண்ணன் இக்னேஷியஸ். ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ரிட்டையர் ஆனபோது தெருவில் கால் வைக்க இடமில்லை. அருள்நாதனும் அதே ஹார்பரில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்தவர்தான். பெர்மனென்ட் ஆகும், ஆகும் என்று காத்திருந்து வெறுத்துப்போய், நாற்பது வயசுக்கு மேல் 'மைனா ஏர்' என்கிற விமானக் கம்பெனியில் லோடராகச் சேர்ந்தார்.

"பிளேன் டிக்கெட்ட பஸ்ஸு ரேட்டுக்கு விக்கிறான். அவன்லாம் எத்தினி நாளு ஓட்டுவான் மாப்ளே?" என்று அன்றைக்கே சிரித்தார் இக்னேஷியஸ்.

பதினேழு வருஷம் ஓட்டினான். அந்தப் பதினேழு வருஷமும் அருள்நாதன் விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலிட்டபடி பெட்டி அடுக்கினார். உள்ளே நிமிர முடியாது. கத்திரி வெயிலில் தகரம் கொதிக்கும். மலிவு டிக்கெட் கம்பெனிக்கு விமானம் தரையில் நின்றால் நஷ்டம். வந்த பெட்டியை இறக்கி, போகிற பெட்டியை ஏற்றி, அரை மணிக்குள் கிளப்பிவிட வேண்டும். "நம்மளால ஒரு பிளேனும் லேட்டானதில்ல" என்று அவருடைய செட்டு ஆட்கள் மார்தட்டுவார்கள். வெறும் பீற்றல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ரிட்டையர் ஆக இரண்டு வாரம் இருக்கும்போது கம்பெனி திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. வேலை பார்த்தவர்களுக்கே டிவியைப் பார்த்துத்தான் தெரியும். மேனேஜர்கள் போனை அணைத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி ஏமாந்த ஜனங்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? கவுண்டரில் நின்ற சங்கமித்ரா மாதிரியான பிள்ளைகள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுப் பெண், நாலு வருஷ சர்வீஸ். கடைசி ஆள் வெளியே போகிறவரை நின்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அழுதாள். அருள்நாதனும் ஏற்றிய பெட்டிகளை மறுபடி இறக்கி, ஒன்று விடாமல் உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் சொன்னார்: "ரோசி, பேண்டு செட்டு வேணான்னு சொல்டு. பிரியாணிக்காரன்கிட்டயும் சொல்டு."

"ஏன், இன்னா கேடு?"

"மூடின கம்பெனிக்கு ஏதுடி ரிட்டையர்மென்ட்டு? எந்த கேட்டாண்டருந்து நடக்கிறது? எவன் வருவான்? அவனவன் சோத்துக்கு வழி தேடிகினு கீறான்."

"கம்பெனி மூடினா நீ செஞ்ச வேலயும் இல்லன்னு ஆயிடுமா?"

அவர் யூனிஃபாரச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரோசியும் அதற்குமேல் பேசவில்லை. ரோசி பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அருள்நாதனைத் தவிர.

ரிட்டையர் ஆக வேண்டிய தேதியும் வந்தது. காலையிலேயே சங்கமித்ரா போன் பண்ணினாள். "இன்னா நைனா, டூட்டிக்கு வரலியா?"

"இன்னா பொண்ணே, கலாய்க்கிறியா?"

"இன்னிக்கி உனுக்கு லாஸ்ட் டே. யூனிஃபாரத்த மாட்டிகினு ஒயுங்கா திரிசூலம் ஸ்டேஷனாண்ட வந்து சேரு."

முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். மிஞ்சிப்போனால் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்தார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், சாலையோரம் முழுக்க மைனா ஏரின் பழுப்புச் சட்டையும் மஞ்சள் காலருமாக இருந்தது. விமானத்தைத் தள்ளும் டிராக்டர் ஓட்டிய ஜெனிஷ், இப்போது சோற்றுப் பொட்டலம் டெலிவரி பண்ணுகிறவன், முதுகில் அந்தப் பையோடேயே வந்திருந்தான். கூடப் பெட்டி அடுக்கிய செங்குட்டுவன் மாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். அருள்நாதன் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

வழக்கப்படி கேட்டில்தானே மாலை போட வேண்டும்? விடுவார்களா! ஏர்போர்ட் வாசலுக்கே போனார்கள். போனதோடு நிற்காமல், ஜெனிஷ் கொண்டுவந்த மேளத்தை ஒரு தட்டு தட்டிவிட்டான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனாவது ஏர்போர்ட் வாசலில் மேளம் அடிப்பானா? துப்பாக்கியோடு நாலு காவல்காரர்கள் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் அருள்நாதனின் சோற்று டப்பாவை வருஷக்கணக்காகத் திறந்து பார்த்து உள்ளே அனுப்பியவர். விஷயத்தைக் கேட்டதும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டார். "சத்தம் மட்டும் கூடாது. சீக்கிரம் போட்டுட்டுக் கெளம்புங்க," என்றார். சங்கமித்ரா ரோஜா மாலையைப் போட்டாள். யாரும் கை தட்டவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மைனா ஏரின் விமானங்கள் இன்ஜினுக்கு உறை மாட்டி நிறுத்தப்பட்டிருந்தன. அருள்நாதன் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ரயிலில் ஏறியதும் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். "மைனா ஏரா? அதான் மூடிட்டாங்களே!" என்றார் ஒருவர்.

"கம்பெனிதாங்க மூடிச்சி. நாங்க இன்னும் மூடல," என்றாள் சங்கமித்ரா. ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. அருள்நாதனும் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால், பேண்டு செட்டோடு நிற்கிறார் இக்னேஷியஸ்! ரோசியின் வேலை.

"நீ இன்னாத்துக்கு வந்த மச்சான், கிண்டல் பண்றதுக்கா?"

"அட சும்மா வா மாப்ளே. கம்பெனி செத்தா இன்னா, ஆளு ஷோக்காதான கீற!"

டிரம்பெட் ஊதினார்கள். ஹார்பர் சுவரை ஒட்டி ஊர்வலம் நடந்தது. ஷிஃப்ட் முடிந்து கேட்டை விட்டு வந்த ஹார்பர் ஆட்கள் மாலையைப் பார்த்ததும் நின்றார்கள். "எந்த செக்ஷன்பா?" என்று கேட்டார்கள்.

"ஏரோப்பிளேன் செக்ஷன்! பதினேழு வருசம்! எங்க வூட்டு மாப்ள!" என்று கத்தினார் இக்னேஷியஸ்.

ஹார்பர் ஆட்கள் விசில் அடித்தார்கள். ராயபுரம் வந்ததும் முனைக்கு முனை மாலை, சால்வை. மீன்காரப் பெண்கள் ஒன்று, கோயில் சபையார் ஒன்று என்று போட்டுப் போட்டு அருள்நாதனின் தாடை மறைந்துவிட்டது. பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. ஆசைப்பட்டது கிடைத்த மனுஷன், வேறு எப்படி நடப்பார்?

வாசலில் ரோசி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணியில் தெருவே மணத்தது. ஊர்வலம் நின்றது. கூட்டிவந்த பிள்ளைகள் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி ஓரமாக ஒதுங்கினார்கள். வழக்கம் அதுதான். கொண்டுவந்து விட்டாயிற்று, இனி பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அருள்நாதன் படியில் ஒரு காலை வைத்தார். அப்புறம் எடுத்துவிட்டார்.

"எம்மா சங்கமித்ரா, கம்பெனி மூடின அன்னிக்கி நீ எப்டி வூட்டுக்குப் போன?"

"எப்பவும் மாரிதான் நைனா. ஷேர் ஆட்டோல."

"கூட யாரு வந்தா?"

"யாரு வருவா?" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

அவர் மேலே இருந்த மாலைகளையெல்லாம் கழற்றி இக்னேஷியஸ் கையில் கொடுத்தார். அடியில் கசங்கிக் கிடந்த ரோஜா மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். பேண்டுக்காரர்கள் ஊதுவதா, வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள்.

"இன்னா பாக்குறீங்க? ஊதுங்கப்பா. இந்தப் பொண்ணும் என்கூடத்தான் டூட்டி முடிச்சிது. புளியந்தோப்புக்கு விடு! அத்த முடிச்சிட்டு அடுத்த வூடு. ஜெனிஷு, உன் வூடு எங்க கீது?"

"இன்னாய்யா இது, பிரியாணி ஆறிடுமே!" என்றாள் ரோசி.

"ஆறட்டும்."

ரோசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆரத்தித் தட்டைப் படியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கூட நடந்தாள்.