யோரெனைக் கொன்ற கண்ணாடிக்கடைக்காரி

ஜெர்மனியில், ஃபோர்ட்ஸ்ஹைம் ரயில் நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் ரோஸ்வித்தா கூன்லே. கடை மூடிய பிறகு விண்வெளிக் கதை எழுதுவார். எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் ‘விண்ணோரம்’ தொடரின் எழுத்தாளர்களில் அவரும் ஒருவர், நானும் ஒருவன். கதை எந்தப் பக்கம் போக வேண்டும், யார் பிழைக்க வேண்டும், யார் சாக வேண்டும் என்று முடிவு செய்வது தலைமை எழுத்தாளர். அவர் திட்டத்தை அனுப்புவார். நாங்கள் ஆளுக்கொரு வாரமாக எழுதிக் கொடுப்போம்.

வாசகர்களுக்கு ரோஸ்வித்தாவைப் பிடிக்காது. தொடரின் செல்லப்பிள்ளையான விமானி யோரென் செத்துப்போனது அவர் எழுதிய வாரத்தில். யோரெனைக் கொல்லச் சொன்னது தலைமை எழுத்தாளர் ஃபோல்க்மார் பிரேம்தான். ஆனால் அட்டையில் இருந்தது ரோஸ்வித்தாவின் பெயர். வாசகர் சந்திப்பில் பலர் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஒரு பெண்மணி துக்கம் காப்பதுபோல் கறுப்பு உடையில் வந்து எதிரிலேயே உட்கார்ந்தார். ‘எழுதச் சொன்னாங்க, எழுதினேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரோஸ்வித்தா சொல்லவில்லை.

ஒரு வசந்தத்தில் பிரேம் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி மாலை நேரங்களில் மனைவியோடு நடக்கப் போகிறேன் என்றார். அடுத்தவர் யார் என்று எங்களுக்குள் ஒரே குறுகுறுப்பு. இதழாசிரியர் டெட்லெஃப் ஹார்ம்ஸ் எங்களை ஒவ்வொருவராகக் காப்பி குடிக்க அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: இந்தக் கதையில் உங்களுக்கே தெரியாத, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற விஷயம் என்ன?

நான் புதிய போர் ஒன்றை விவரித்துவிட்டு வந்தேன். மற்றவர்களும் ஆளுக்கொரு பேரரசைக் கொண்டுபோயிருந்தார்கள். யாருமே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ரோஸ்வித்தா மட்டும், தொடரில் எதிரிகளாக வரும் சலார்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றித் திருப்பிக் கேட்டிருக்கிறார். சலார்கள் இத்தனை வருஷமாக நம்மைத் தாக்குகிறார்களே, அவர்கள் சொந்தக் கிரகத்தை விட்டு ஏன் கிளம்பினார்கள்? யாராவது விசாரித்தோமா?

பொறுப்பை ஹார்ம்ஸ் அவரிடமே கொடுத்தார். அவரோ தயங்கினார். தன் பெயரைப் பார்த்தாலே வாசகர்கள் இதழைக் கீழே வைத்துவிடுவார்கள் என்றார். அப்படியானால் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஹார்ம்ஸ் சொல்லிவிட்டார். மன்ஹைமில் மாதாமாதம் ஒரு மதுக்கடையில் கூடும் வாசகர் வட்டத்துக்குப் போனார் ரோஸ்வித்தா. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

நீண்ட மேசை. பீர், வெங்காயம் தூவிய இறைச்சி, உருளைக்கிழங்கு சாலட். நாங்கள் ஓரமாக உட்கார்ந்தோம். மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தவர் மான்ஃப்ரெட் ஓட்டிங்கர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“ஏம்மா, புதுத் தலைமை நீங்கதான்னு ஊரெல்லாம் பேச்சு. யோரெனைத் திரும்பக் கொண்டுவருவீங்களா?”

“மாட்டேன். அவன் செத்துட்டான்.”

“கொன்னதும் நீங்க, இதைச் சொல்றதும் நீங்க. துணிச்சல்தான்.”

ரோஸ்வித்தா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. சாகறதுக்கு முன்னாடி அவன் கப்பலை ஆளில்லாத ஒரு நிலா பக்கம் திருப்பினான். திட்டத்துல அப்படி இருந்துச்சு, எழுதிட்டேன். ஏன் திருப்பினான்? பிரேம் கிட்டயே கேட்டேன். அவருக்கும் தெரியல, அழகா இருக்கும்னு போட்டாராம். அங்க யாரைப் பார்க்கப் போனான்னு நான் தெரிஞ்சுக்கணும்.”

 மேசைக் கோடியிலிருந்த செவிலி ஒருத்தி, அந்த நிலாவில் ஒரு சலார் கைதி இருந்திருப்பான் என்றாள். அதெப்படி, அங்கே காற்றே கிடையாதே என்றார் பக்கத்திலிருந்தவர். சலார்களுக்குக் காற்று வேண்டும் என்று எந்த இதழில் வந்தது என்று மூன்றாமவர் எகிறினார். இறைச்சி ஆறிப்போயிற்று. ரோஸ்வித்தா முழங்கையை மேசையில் ஊன்றி, பேசுகிறவர் முகத்தையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். யோரெனைக் கொல்லச் சொன்னது பிரேம்தான் என்பதை அவர்களே கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை.

கிளம்பும்போது ஓட்டிங்கர் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“போய்க் கண்டுபிடிங்க. அதுவரைக்கும் நான் வாங்குவேன். பதில் சொதப்பலா இருந்துச்சு, கடைக்கே வந்து சண்டை போடுவேன்.”

“வாங்க. கண்ணையும் பார்த்துடலாம்.”

மறுநாள் ரோஸ்வித்தா ஹார்ம்ஸிடம் சம்மதம் சொன்னார். கடையை வாரத்தில் பாதி நாள் மட்டும் திறந்தார். வாசகர்களில் சிலர் இதழ் வாங்குவதை நிறுத்தினார்கள், கறுப்பு உடைப் பெண்மணி உட்பட. புதியவர்கள் வந்தார்கள். நிலாவில் ஒரு சலார் குழந்தை இருந்தது என்பது இரண்டாம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அதை எழுதும் வாரம் எனக்கு விழுந்தது. குழந்தை அங்கே எப்படி வந்தது என்று போன் போட்டுக் கேட்டேன்.

“எனக்கு ஒரு யோசனை இருக்கு, சொல்ல மாட்டேன். நீங்க எழுதுங்க, எங்க போய் நிக்கிறீங்கன்னு பார்க்கணும்” என்றார் ரோஸ்வித்தா.

நான் எழுதி அனுப்பியது அவர் நினைத்தது அல்லவாம். தன்னுடையதை ஓரமாக வைத்துவிட்டு, என்னுடையதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.