மகள் இடியப்பம் கேட்ட காலை

போர்க்காலத்தில் திருகோணமலையில் இருந்தோம். அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை என்று விடிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தேன். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தது என் பிழை. நான்கு வயது மகள் அதைத் தண்ணீரென்று குடித்துவிட்டாள்.

வாந்தி எடுக்கவைக்கப் போன என் கையைப் பக்கத்து வீட்டு றசீனா அக்கா பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தங்கச்சி, சத்தியெடுத்தா எண்ணெய் மூச்சுக்குள்ள போயிரும். ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

அவருடைய கணவர் லொறியை எடுத்தார். சோதனைச் சாவடியில் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன், உடனே விட்டார்கள்.

மறுநாள் காலை வார்டில் கண்விழித்த மகள், “அம்மா, பசிக்குது. இடியப்பம் தாங்கோ” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் மண்ணெண்ணெயைக் குடிக்கிற போத்தலில் ஊற்றுவதில்லை. பண்டிகை நாளில் எழுந்ததும், வீட்டில் எல்லோரும் சுகமாக எழும்பிவிட்டார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அதன்பிறகு குறை சொல்ல வாய் வருவதில்லை.